ஹெப்படைட்டிஸ் பி: வைரஸின் அமைப்பும் உங்கள் பரிசோதனை அறிக்கையும்

இரத்த தானம் செய்யச் சென்ற இடத்திலோ, அறுவை சிகிச்சைக்கு முந்தைய பரிசோதனையிலோ, கருவுற்ற தாய்மார்களுக்கான வழக்கமான சோதனையிலோ சிலருடைய அறிக்கையில் எதிர்பாராத ஒரு வரி இடம்பெறுகிறது: "எச்.பி.எஸ்.ஏ.ஜி. – பாசிட்டிவ்". அதுவரை உடலில் எந்தத் துன்பமும் உணராதவர் அந்த ஒரு வரியால் உறக்கத்தை இழக்கிறார். குடும்பத்தினரும் கலங்குகின்றனர்.

கல்லீரல் நோய்ப் பிரிவுக்கு வருவோர் எங்களிடம் பெரும்பாலும் ஒரே வகையான கேள்விகளையே கேட்கின்றனர். "எனக்கு ஒன்றும் செய்யவில்லையே, பிறகு எதற்கு இத்தனை பரிசோதனை?" "இரத்தத்தில் வைரஸ் இல்லை என்று அறிக்கை வந்துவிட்டது, மாத்திரையை நிறுத்திவிடலாமா?" "பேரக் குழந்தையைத் தூக்கலாமா?" இக்கேள்விகள் அனைத்திற்கும் விடை ஓரிடத்தில் இருக்கிறது. ஹெப்படைட்டிஸ் பி வைரஸ் எவ்வாறு அமைந்துள்ளது, அதன் மரபுப் பொருள் நம் உடலில் எங்கே தங்குகிறது என்பதை அறிந்துகொண்டால், மருத்துவர் கூறும் ஒவ்வோர் அறிவுரைக்கும் காரணம் விளங்கும். அதனை இவ்விதழில் இயன்றவரை எளிமையாக விளக்க முயல்கிறோம்.

வைரஸ் என்பது யாது?

நம் உடல் கோடிக்கணக்கான உயிரணுக்களால் ஆனது. ஒவ்வோர் உயிரணுவும் உணவை ஆற்றலாக மாற்றும். தனக்கு வேண்டிய புரதங்களைத் தானே உருவாக்கும். பாக்டீரியாவும் அத்தகைய ஓர் உயிரணுவே. வைரஸோ உயிரணு அன்று. அதற்கு உணவு தேவையில்லை, மூச்சு இல்லை, தன்னைத்தானே பெருக்கிக்கொள்ளும் கருவிகளும் இல்லை. அது தன்னைப் போன்ற வைரஸ்களை உருவாக்கும் செய்முறைக் குறிப்பையும், அக்குறிப்பைப் பாதுகாக்கும் ஒரு கூட்டையும் மட்டுமே கொண்டது. அக்குறிப்பைத்தான் மரபுப் பொருள் என்கிறோம்.

வைரஸ் ஓர் உயிரணுவுக்குள் நுழைந்தபின், அங்குள்ள கருவிகளைக் கொண்டே தன் குறிப்பின்படி புதிய வைரஸ்களைச் செய்துகொள்கிறது. ஆன்டிபயாடிக் மருந்துகள் பாக்டீரியாவின் சுவரையோ அதற்கே உரிய கருவிகளையோ தாக்குபவை. வைரஸுக்கு அத்தகைய சுவரும் இல்லை, கருவியும் இல்லை. ஆகவேதான் வைரஸ் நோய்களுக்கு ஆன்டிபயாடிக் பயன்படுவதில்லை.

மூன்று அடுக்குகள், மூன்று பரிசோதனைகள்

ஹெப்படைட்டிஸ் பி வைரஸின் விட்டம் ஏறத்தாழ 42 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டர் நீளத்திற்குள் இத்தகைய வைரஸ்களை வரிசையாக அடுக்கினால் 23,000-க்கும் மேற்பட்டவை அடங்கும். இச்சிறிய உருண்டை மூன்று அடுக்குகளாக அமைந்துள்ளது.

வெளியே இருப்பது மேலுறை. இது கொழுப்பால் ஆன மெல்லிய படலம். அதில் ஒருவகைப் புரதம் பதிந்துள்ளது. இப்புரதமே எச்.பி.எஸ்.ஏ.ஜி. என அறிக்கையில் குறிக்கப்படும் மேற்பரப்புப் புரதம். 1960-களில் அமெரிக்க மருத்துவ அறிஞர் பாரூக் புளும்பெர்க், ஆஸ்திரேலியப் பழங்குடியினர் ஒருவரின் இரத்தத்தில் இதனை முதன்முதலாகக் கண்டறிந்தார். அதனால் பல ஆண்டுகள் இது "ஆஸ்திரேலியா ஆன்டிஜென்" என்றே அழைக்கப்பட்டது. இக்கண்டுபிடிப்புக்காக 1976-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு அவருக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. அவருடைய பிறந்தநாளான ஜூலை 28-ஆம் நாளே உலகக் கல்லீரல் அழற்சி நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

மேலுறைக்கு உள்ளே இருப்பது புரதக் கூடு. ஒரே வகையான புரதத்தின் பெரும்பாலும் 240 பிரதிகள் ஒன்றோடொன்று பொருந்தி இக்கூட்டை அமைக்கின்றன. இந்தக் கூட்டுப் புரதத்திற்கு எதிராக நம் உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளையே "ஆன்டி எச்.பி.சி." என்னும் பரிசோதனை கண்டறிகிறது.

கூட்டின் உள்ளே பாதுகாப்பாக இருப்பது மரபுப் பொருள். அது வளைய வடிவிலான டி.என்.ஏ. அதன் ஓரிழை முழுமையானது; மற்றோர் இழை குறைபட்டது. அதிலுள்ள மரபு எழுத்துகள் ஏறத்தாழ 3,200 மட்டுமே. மனிதனின் மரபுத் தொகுதியிலோ ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் உள்ளன. இத்துணைச் சிறிய குறிப்பினுள் நான்கு மரபணுக்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து அமைந்துள்ளன. இந்த டி.என்.ஏ. இரத்தத்தில் எவ்வளவு உள்ளது என்பதையே "எச்.பி.வி. டி.என்.ஏ." அல்லது "வைரல் லோடு" என்னும் பரிசோதனை அளக்கிறது.

ஆக, அறிக்கையின் மூன்று வரிகளும் வைரஸின் மூன்று அடுக்குகளையே சுட்டுகின்றன. மேற்பரப்புப் புரதம் காணப்பட்டால், இப்பொழுது தொற்று இருக்கிறது என்பது பொருள். ஆறு மாதங்களுக்குப் பின்னும் அது நீடித்தால் நாள்பட்ட தொற்று என்கிறோம். கூட்டுக்கு எதிரான எதிர்ப்பொருள் காணப்பட்டால், வைரஸ் எப்போதோ ஒருமுறையாவது உடலுக்குள் வந்திருக்கிறது என்பது பொருள். டி.என்.ஏ.யின் அளவு, வைரஸ் இப்பொழுது எவ்வளவு முனைப்பாகப் பெருகுகிறது என்பதைக் காட்டுகிறது.

இங்கே ஒரு செய்தியைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். தொற்றுள்ள கல்லீரல் உயிரணுக்கள், முழு வைரஸ்களை மட்டுமன்றி, மேற்பரப்புப் புரதத்தாலான வெற்று உறைகளையும் இரத்தத்தில் கொட்டுகின்றன. இவற்றின் எண்ணிக்கை முழு வைரஸ்களைவிட ஆயிரம் மடங்குக்கும் மேலாக இருக்கும். உள்ளே மரபுப் பொருள் இல்லாததால் இவை யாருக்கும் நோயைத் தருவதில்லை. எனவே "எஸ்.ஏ.ஜி. அளவு மிக அதிகம்" என்பதை மட்டும் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. டி.என்.ஏ.யின் அளவு, கல்லீரல் நொதிகளின் அளவு, ஸ்கேன் முடிவு ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தே சிகிச்சை தேவையா என மருத்துவர் முடிவு செய்கிறார். பாசிட்டிவ் என்று வந்த அனைவருக்கும் உடனே மாத்திரை தேவைப்படுவதில்லை. ஆயினும் அனைவருக்கும் தொடர் கண்காணிப்பு தேவை.

கல்லீரலை மட்டும் தேடிச் செல்வது ஏன்?

இவ்வைரஸ் இரத்தத்தின் வழியே உடல் முழுதும் சுற்றினாலும், கல்லீரல் உயிரணுக்களிலேயே குடிபுகுகிறது. அவ்வுயிரணுக்களின் பரப்பில், பித்த உப்புகளை உள்ளே இழுத்துக்கொள்ளும் ஒரு புரதம் உள்ளது. வைரஸின் மேலுறை அப்புரதத்தையே கதவாகப் பயன்படுத்தி நுழைகிறது என்பது 2012-ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது.

நுழைந்த வைரஸ் உயிரணுவைப் பெரும்பாலும் நேரடியாகக் கொல்வதில்லை. தொற்றிய உயிரணுவை அடையாளம் கண்டு நம் நோய் எதிர்ப்புப் படையே அதனை அழிக்கிறது. அந்தப் போரில்தான் கல்லீரல் புண்படுகிறது. எதிர்ப்பு இன்னும் முதிராத கைக்குழந்தையின் உடல் வைரஸை அயலாராக உணர்வதில்லை. ஆகவே பிறக்கும்போது தொற்றுக்கு ஆளாகும் குழந்தைகளில் 90 சதவீதத்தினருக்கு அது நாள்பட்ட தொற்றாக நிலைத்துவிடுகிறது. வளர்ந்தவர்களில் 5 சதவீதத்திற்கும் குறைவானவர்களுக்கே அவ்வாறு நிலைக்கிறது. நாற்பது வயதில் தற்செயலாகக் கண்டறியப்படும் தொற்று, பெரும்பாலும் பிறப்பிலோ இளமையிலோ வந்ததாகவே இருக்கும். அதற்காக எவரும் தம் கணவரையோ மனைவியையோ ஐயுறுவது முறையன்று.

அறிகுறி இல்லாமையால் பாதிப்பும் இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. ஆண்டுக்கணக்கில் அமைதியாக இருந்து பின்னர் கல்லீரல் சுருக்கத்திற்கும் புற்றுநோய்க்கும் இத்தொற்று வழிவகுக்கக்கூடும். 2022-ஆம் ஆண்டில் உலகில் 25.4 கோடிப் பேர் நாள்பட்ட ஹெப்படைட்டிஸ் பி தொற்றுடன் வாழ்ந்தனர் என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அவர்களில் பெரும்பாலோர் தமக்குத் தொற்று இருப்பதையே அறியாதவர்கள்.

உட்கருவில் தங்கும் வளையம்

இனி, இக்கட்டுரையின் மையமான செய்திக்கு வருகிறோம். கல்லீரல் உயிரணுவுக்குள் நுழைந்ததும் வைரஸின் மேலுறை கழன்றுவிடுகிறது. மரபுப் பொருள் உயிரணுவின் உட்கருவைச் சென்றடைகிறது. அங்கே உயிரணுவின் கருவிகளே அதன் குறைபட்ட இழையை நிறைவு செய்து, இரு முனைகளையும் இணைத்து, முழுமையாக மூடிய வளையமாக ஆக்கிவிடுகின்றன. இவ்வளையம் மிக உறுதியானது. நம் சொந்த மரபுப் பொருள் இருக்கும் அதே உட்கருவில், ஒரு சிறு குரோமோசோம் போல அது தங்கிவிடுகிறது.

இவ்வளையத்திலிருந்து ஆர்.என்.ஏ. நகல்கள் எடுக்கப்படுகின்றன. அந்நகல்கள் உட்கருவை விட்டு வெளியே வந்து புதிய புரதக் கூடுகளுக்குள் அடைபடுகின்றன. கூட்டிற்குள் வைரஸின் நொதி ஒன்று அந்த ஆர்.என்.ஏ.யை மீண்டும் டி.என்.ஏ.யாக எழுதுகிறது. பின்னர் மேலுறை போர்த்திக்கொண்டு புதிய வைரஸ் வெளியேறுகிறது.

இப்போது வழங்கப்படும் டெனோஃபோவிர், என்டெகாவிர் ஆகிய மாத்திரைகள் இந்த எழுதும் நொதியையே தடுக்கின்றன. எழுத்து நின்றுவிடுவதால் புதிய வைரஸ் உருவாவது ஏறத்தாழ நின்றுவிடுகிறது. சில மாதங்களில் இரத்தத்தில் டி.என்.ஏ. அளவு கண்டறிய இயலாத நிலைக்குக் குறைகிறது. கல்லீரலின் புண் ஆறுகிறது. சுருக்கமும் புற்றுநோயும் வரும் வாய்ப்பு குறைகிறது. இவை பெரும் நன்மைகள். ஆனால் உட்கருவில் தங்கியுள்ள மூல வளையத்தை இம்மாத்திரைகள் நேரடியாகத் தொடுவதில்லை. அச்சகத்தின் இயந்திரத்தை நிறுத்திவிட்டோம். மூலப்படி அலமாரியிலேயே இருக்கிறது என்று கொள்ளலாம்.

அறிக்கையில் "கண்டறியப்படவில்லை" என்று வந்ததும் சிலர் மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடுகின்றனர். நொதியின் மீதான தடை நீங்கியவுடன் மூல வளையத்திலிருந்து வைரஸ் மீண்டும் பெருகத் தொடங்குகிறது. நோய் எதிர்ப்புப் படை திடீரென விழித்துத் தாக்குவதால் கடும் கல்லீரல் அழற்சி ஏற்படலாம். ஏற்கெனவே கல்லீரல் சுருக்கம் உள்ளவருக்கு இது உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடும். ஆகவே இம்மாத்திரையை மருத்துவரின் சொல்லின்றி ஒருபோதும் நிறுத்த வேண்டாம் என்பதே எங்கள் முதன்மையான வேண்டுகோள். வெளியூர் செல்லும்போது போதிய மாத்திரைகளை எடுத்துச் செல்லுங்கள். தீர்ந்துபோகும் வரை காத்திராமல் முன்னரே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இதே காரணத்தால் மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. தொற்றிலிருந்து முன்பே குணமடைந்தவரின் கல்லீரலிலும் இவ்வளையம் சிறிதளவு எஞ்சியிருக்கக்கூடும். பின்னாளில் புற்றுநோய்க்கான கீமோதெரபி, நோய் எதிர்ப்பைக் குறைக்கும் சில ஊசிகள், நீண்டநாள் ஸ்டீராய்டு ஆகியவை தரப்படும்போது உறங்கிய வைரஸ் மீண்டும் எழலாம். எனவே எந்த மருத்துவரிடம் சென்றாலும், உங்களுக்கு எப்போதேனும் ஹெப்படைட்டிஸ் பி இருந்ததெனில் அதனை மறவாமல் தெரிவியுங்கள்.

"சி"க்கு மூன்று மாதம், "பி"க்கு மட்டும் பல ஆண்டா?

இக்கேள்வியும் எங்களிடம் அடிக்கடி கேட்கப்படுகிறது. ஹெப்படைட்டிஸ் சி வைரஸும் கல்லீரலையே தாக்குகிறது. ஆனால் அதன் மரபுப் பொருள் ஓரிழை ஆர்.என்.ஏ. அது உயிரணுவின் உட்கருவுக்குள் செல்வதில்லை. நிலையான வளையமாகத் தங்குவதும் இல்லை. பெருக்கம் தடுக்கப்பட்டால் இருக்கும் ஆர்.என்.ஏ. சிதைந்து முற்றிலும் மறைந்துவிடுகிறது. ஆகவே, பெரும்பாலும் 12 வார மாத்திரைச் சிகிச்சையில் 95 சதவீதத்திற்கும் மேற்பட்டோர் முழுமையாகக் குணமடைகின்றனர். ஹெப்படைட்டிஸ் பி சிகிச்சை நீள்வதற்குக் காரணம் மருத்துவரின் தயக்கமோ மருந்தின் குறையோ அன்று. மரபுப் பொருள் தங்கும் இடமே காரணம். உலகின் பல ஆய்வகங்கள் இவ்வளையத்தையே இலக்காகக் கொண்டு புதிய மருந்துகளைத் தேடி வருகின்றன.

கீழாநெல்லி பற்றி

மஞ்சள் காமாலை என்றதும் கீழாநெல்லியை நாடுவது நம் வீடுகளில் தொன்றுதொட்ட வழக்கம். இதுவும் முறையாக ஆராயப்பட்டுள்ளது. 1988-ஆம் ஆண்டில் சென்னை ஆய்வாளர்கள் புளும்பெர்க்குடன் இணைந்து "லான்செட்" மருத்துவ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கீழாநெல்லி உட்கொண்டவர்களில் 59 சதவீதத்தினரின் இரத்தத்தில் மேற்பரப்புப் புரதம் மறைந்ததாக அவ்வாய்வு கூறியது. உலகமே ஆவலுடன் நோக்கியது. ஆயின் பின்னர் வேறு நாடுகளில் நடைபெற்ற ஆய்வுகளில் அம்முடிவு மீண்டும் கிட்டவில்லை.

அப்படியாயின் பலர் குணமடைந்ததை நாம் கண்ணால் கண்டிருக்கிறோமே என்பீர்கள். வளர்ந்தவர்களுக்குப் புதிதாக வரும் ஹெப்படைட்டிஸ் பி பெரும்பாலும் தானாகவே குணமாகும். குடிநீரால் பரவும் ஹெப்படைட்டிஸ் ஏ, ஈ ஆகியவையும் பெரும்பாலும் அவ்வாறே தணியும். எதனை உட்கொண்டாலும் குணமடையும் ஒரு நோயில், உட்கொண்ட பொருளுக்கே பெருமை சேர்வது இயல்பு. நாள்பட்ட தொற்றில் நிலைமை வேறு. அங்கே மாத்திரையை விடுத்து மூலிகையை மட்டும் நம்பினால், கல்லீரல் சுருங்கும் காலத்தை அறியாமல் கடத்திவிடுவோம். நீங்கள் ஏதேனும் மூலிகை எடுத்துக்கொண்டால் தயங்காமல் எங்களிடம் கூறுங்கள். அதற்காக எவரும் உங்களைக் கடிந்துகொள்ளமாட்டார்கள்.

வெற்று உறையே தடுப்பூசி

இரத்தத்தில் மிதக்கும் வெற்று உறைகள் நோயைத் தருவதில்லை என்று மேலே கூறினோம். தடுப்பூசி அவ்வுண்மையின் மீதே எழுந்தது. மேற்பரப்புப் புரதத்திற்குரிய மரபணுவை மட்டும் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரில் புகுத்தி, அப்புரதத்தைத் தனியே தயாரித்துத் தூய்மை செய்து ஊசியாக வழங்குகின்றனர். இம்முறையிலான தடுப்பூசி 1986-ஆம் ஆண்டு முதல் பயன்பாட்டில் உள்ளது. அதில் வைரஸின் மரபுப் பொருள் அறவே இல்லை. ஆகையால் தடுப்பூசியால் இந்நோய் வருவதற்கு வாய்ப்பே இல்லை.

நம் நாட்டின் தேசியத் தடுப்பூசி அட்டவணையின்படி, குழந்தை பிறந்த 24 மணி நேரத்திற்குள் முதல் ஊசி போடப்படுகிறது. பின்னர் 6, 10, 14-ஆவது வாரங்களில் ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் ஊசியுடன் சேர்த்து வழங்கப்படுகிறது. தாய்க்குத் தொற்று இருப்பின், தடுப்பூசியுடன் இம்யூனோகுளோபுலின் ஊசியும் குழந்தைக்கு விரைவாகப் போடப்பட வேண்டும். வைரஸ் அளவு மிகுந்த தாய்மார்களுக்குக் கருக்காலத்தின் பிற்பகுதியில் மாத்திரை தரப்படுவதும் உண்டு. இவற்றைச் செய்தால் தாய் அச்சமின்றித் தாய்ப்பால் ஊட்டலாம்.

வீட்டில் உள்ளோர் அறிய வேண்டியவை

இவ்வைரஸ் இரத்தத்தாலும் உடலுறவாலும், பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்கும் பரவுகிறது. ஒரே தட்டில் உண்பதாலோ, கைகுலுக்குவதாலோ, அணைத்துக்கொள்வதாலோ, இருமலாலோ பரவுவதில்லை. பேரக் குழந்தையைத் தாராளமாகத் தூக்கிக் கொஞ்சலாம். நோயாளிக்கெனத் தனித் தட்டும் தனிக் குவளையும் ஒதுக்கி வைத்து அவர் மனத்தைப் புண்படுத்த வேண்டாம்.

பொதுவாகக் கொழுப்புறை கொண்ட வைரஸ்கள் உடலுக்கு வெளியே விரைவில் செயலிழக்கும். இவ்வைரஸோ ஒரு விதிவிலக்கு. உலர்ந்த இரத்தத் துளியிலும் குறைந்தது 7 நாட்கள் தொற்றும் திறனுடன் இருக்கும். ஆகவே சவரக் கத்தி, பிளேடு, பல் துலக்கும் பிரஷ், நகவெட்டி ஆகியவற்றைப் பகிர்ந்துகொள்ளக் கூடாது. முடி காணிக்கை செலுத்தும்போதும், காது குத்தும்போதும், பச்சை குத்தும்போதும் புதிய பிளேடும் புதிய ஊசியும் பயன்படுத்தச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. இரத்தம் சிந்திய இடத்தைக் கையுறை அணிந்து, பிளீச்சிங் கரைசல் கொண்டு துடைக்க வேண்டும்.

ஒருவருக்குத் தொற்று உறுதியானால் அவருடைய தாய், உடன்பிறந்தோர், வாழ்க்கைத் துணை, பிள்ளைகள் ஆகிய அனைவரும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். தொற்றும் இல்லை, எதிர்ப்பும் இல்லை என்று அறியப்படுவோர் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம். 2018-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தேசிய வைரஸ் கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்கீழ், இதற்கென அமைந்த அரசு மையங்களில் பரிசோதனையும் மருந்தும் கட்டணமின்றி வழங்கப்படுகின்றன. செலவுக்கு அஞ்சிச் சிகிச்சையைக் கைவிட வேண்டாம்.

3,200 எழுத்துகள் கொண்ட ஒரு சிறு வளையம் நம் உடலில் தங்கியிருப்பது உண்மையே. அதனை இன்று முற்றிலும் அகற்ற இயலாவிடினும், அடக்கி வைக்க நம்மால் இயலும். நாள்தோறும் தவறாத மாத்திரையும், குறித்த நாளில் தவறாத பரிசோதனையும் இருந்தால், இத்தொற்றுடன் கல்வியும் பணியும் திருமணமும் மகப்பேறும் கண்டு நெடுநாள் வாழலாம். அடுத்த முறை வரும்போது உங்கள் பழைய அறிக்கைகளையும் உடன் எடுத்து வாருங்கள். ஐயம் எதுவாயினும் கேளுங்கள், விளக்கக் காத்திருக்கிறோம்.